திறக்க மறந்த பூட்டு

கல்முனைக் கரையோரத்தில் வேளாண்மை செய்து வாழும் மக்களுக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாக, இங்கினியாகலையில் அமைந்த சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து புறப்படும் நீர், வாய்க்கால் வழியே பல கல் தொலைவு நடந்து, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்களின் வயற்கண்டங்களை வந்தடைகின்றது. சிறுபோகத்திலே நீர் அருகிவிடுமாயின் முறை வைத்தே பாய்ச்ச வேண்டியிருக்கும். இன்று ஒருவருடைய முறை. நாளை மற்றொருவருடைய முறை. முறைக்குரியவர் தமது வயலுக்கு நீரைத் திருப்பியிருக்கும் வேளையில் மற்றையோர் அந்த மடையிற் கைவைத்தலாகாது. இவ்வொழுங்கு இல்லாவிடின் வாய்க்காலில் நீர் இருந்தும் வாய்ச்சண்டையே மிஞ்சும்.

முறைக்குரியவர் மடையைத் தம் பக்கம் திருப்பிய அன்றிரவே நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். மடையை மீட்டுத் திருப்ப வேண்டும் என்ற நினைவு அவருக்கும் இல்லை. அவரைத் தூக்கிச் சென்றவர்களுக்கும் இல்லை. அவருடைய வரவை எதிர்பார்த்து அயல்வயற்காரர் வரம்பிலே காத்திருக்கின்றனர். நோயாளியின் வயல் நிரம்பி வழிகின்றது. கீழ்வயல்களோ வெடித்துக் கிடக்கின்றன. குளத்திலே நீர் இல்லாமையால் வந்த வறட்சியன்று இது. திறந்துவிட வேண்டியவர் இல்லாமையால் வந்த வறட்சி.

இதே துன்பம் இன்று நம் காரியாலயங்களிலும், பாடசாலைகளிலும், கடைகளிலும், வீடுகளிலும் கணினி வடிவத்தில் வந்து நிற்கின்றது. ஒரு மென்பொருள் ஏதேனும் ஒரு வேலைக்காகக் கோப்பொன்றைப் பூட்டிக்கொள்கின்றது. வேலையின் நடுவிலே பிழையொன்று நேர்கின்றது. வேலை நின்றுவிடுகின்றது, பூட்டு மட்டும் நிற்கின்றது. பின்வருவோர் எவரும் அந்தக் கோப்பைத் தொட முடிவதில்லை. "உம்மா, கோப்பு பூட்டுப்பட்டிருக்கு, நாளைக்கு வாங்க" என்று கருமபீடத்திலே சொல்லப்படும் ஒரு வார்த்தைக்குப் பின்னால், பஸ் கட்டணம் கொடுத்து வந்த ஒரு தாயின் ஒருநாள் வீணாகின்றது. "நாளைக்கு நிச்சயமாத் திறக்குமா, மகன்?" என்று அவர் கேட்டால், அதற்கு விடை சொல்ல அந்த எழுதுவினைஞராலும் முடிவதில்லை.

இத்தகைய பூட்டு எதற்காக? அது ஏன் திறவாமல் நின்றுவிடுகின்றது? அதற்கு மருந்து என்ன? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பூட்டு ஏன் வேண்டும்?

பூட்டினால் இத்துணைத் தொல்லை வருமாயின் பூட்டே இல்லாமல் விட்டுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது தகாது. மருதமுனையிலே நெசவாளர் சிலர் ஒன்றுகூடிச் சாரன்களை விற்பனைக்கு அனுப்புகின்றனர் என்று கொள்வோம். களஞ்சியத்தில் 100 சாரன்கள் இருப்பதாகக் கணினிக் கோப்பொன்றிலே பதிவாகியுள்ளது. தறியிலிருந்து புதிதாக வந்த 20 சாரன்களைச் சேர்ப்பதற்கு ஓர் எழுதுவினைஞர் கோப்பைத் திறக்கின்றார். அதே வேளையில், விற்பனையான 30 சாரன்களைக் கழிப்பதற்கு அடுத்த மேசையிலுள்ளவரும் அக்கோப்பையே திறக்கின்றார். இருவர் கண்ணிலும் படுவது 100 என்னும் எண்ணே. முன்னவர் 120 என எழுதி மூடுகின்றார். பின்னவர் 70 என எழுதி மூடுகின்றார். கடைசியிலே கோப்பில் எஞ்சுவது 70. களஞ்சியத்தில் உண்மையாக இருப்பதோ 90. இருபது சாரன்கள் கணக்கிலிருந்து மாயமாய் மறைந்துவிட்டன. இருவரும் நேர்மையானவர்கள், இருவரும் சரியாகவே கூட்டிக் கழித்தார்கள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்யும் ஏற்பாடு இல்லாததே குறை.

அந்த ஏற்பாட்டுக்குத்தான் பூட்டு என்று பெயர். முதலில் வந்தவர் பூட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் திறந்துவிடுவார். அதன்பின் அடுத்தவர் 120ஐக் கண்டு அதிலிருந்து 30ஐக் கழிப்பார். விடை 90 என்று சரியாக வரும்.

புகையிரதத்தில் மட்டக்களப்புக்குச் சென்றவர்கள் இதனை நேரிலே கண்டிருக்கக்கூடும். அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டுப் பாதையில் ஏறிவிடலாகாது. அதற்காக இத்தகைய பாதைகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவந்த முறை, 'டெப்லட்' என்னும் வட்டத்தகட்டைச் சாரதியிடம் ஒப்படைத்தலாகும். தகடு கையில் இருந்தால் அன்றி வண்டி நகராது. அடுத்த நிலையத்தில் தகட்டைக் கொடுத்த பின்னரே எதிர்வண்டிக்கு வழி கிடைக்கும். கணினி அறிஞரும் இப்புகையிரத வழக்கிலிருந்தே பெயர் எடுத்தனர் என்பது சுவையான செய்தி. ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரு பொருளைப் பல நிரல்கள் முறை வைத்துப் பயன்படுத்துவதற்கான ஏற்பாடொன்றை 1965ஆம் ஆண்டிலே வகுத்து எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'செமபோர்'. அஃதாவது, புகையிரதப் பாதையோரத்திலே ஏறி இறங்கும் கைகாட்டி. ஒருவர் உள்ளே செல்லும்போது கைகாட்டி விழ வேண்டும். வெளியேறும்போது எழ வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அன்றே தெளிவாகியிருந்தது.

இருவகைப் பூட்டுகள்

கணினியில் இடப்படும் பூட்டுகள் பெரும்பாலும் இருவகையின. இவற்றின் வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதி நோய் தீர்ந்ததென்றே சொல்லலாம்.

முதல்வகை, கணினியின் பணிசெயல் முறைமை தானே வைத்திருக்கும் பூட்டு. வீட்டுக்கு ஒரு தலைவர் இருப்பதுபோலக் கணினிக்குள் எல்லா நிரல்களையும் மேய்ப்பது இம்முறைமை. இன்ன கோப்பை இன்ன நிரல் திறந்து வைத்திருக்கின்றது என்பது அதன் நினைவிலே இருக்கும். விண்டோஸ் கணினியிலே ஒரு கோப்பை அழிக்க முயலும்போது, வேறொரு நிரலில் அது திறந்திருக்கின்றது, ஆகவே இயலாது என்று செய்தி வருவது இதனாலேயே. இவ்வகைப் பூட்டுக்கு ஒரு நற்குணம் உண்டு. பூட்டிய நிரல் இறந்துபோனால் முறைமை அதன் பூட்டுகளையெல்லாம் தானே அவிழ்த்துவிடும்.

இரண்டாம்வகை, அடையாளக் கோப்பு. தேநீர்க் கடையில் இருக்கையின் மீது கைக்குட்டையை இட்டுவிட்டுக் கைகழுவச் செல்வதைப் போன்றது இது. உண்மைக் கோப்பின் அருகிலே சிறு கோப்பொன்றைப் படைத்து, 'இது என் கையிலே உள்ளது' என்று அறிவிப்பது. வேர்ட் மென்பொருளில் ஒரு கடிதத்தைத் திறந்தால், அதே கோப்புறையில் அலைக்குறியும் டொலர்க் குறியும் முன்னே தாங்கிய மறைகோப்பொன்று தோன்றும். திறந்தவருடைய பெயர் அதனுள் இருக்கும். லிப்ரே ஆபிஸ் மென்பொருளும் இவ்வாறே தனிப் பூட்டுக்கோப்பை இடும். கடிதத்தை ஒழுங்காக மூடினால் இந்த அடையாளமும் நீங்கும். மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டாலோ, கைக்குட்டை இருக்கையிலேயே கிடக்கும். இட்டவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். இருக்கையிலே எவரும் அமரமாட்டார். கணினியை மீண்டும் இயக்கி அதே கடிதத்தைத் திறந்தால், தம் பெயரையே காட்டி 'இவர் இதனைத் திறந்து வைத்திருக்கின்றார்' என்று கணினி தடுப்பதைக் கண்டு திகைத்தவர் பலர்.

பிழையின் பாதை

அடையாளக் கோப்பு எஞ்சி நிற்பதற்குக் காரணம் எளிது. முறைமையே காக்கும் முதல்வகைப் பூட்டு ஏன் திறவாமல் நிற்க வேண்டும்? இங்கேதான் நிரல் எழுதுவோரின் கவனக்குறைவு வெளிப்படுகின்றது.

ஒரு நிரலை எழுதுபவர் தம் மனத்திலே ஒரு நேர்வழியைக் காண்கின்றார். கோப்பைத் திற, பூட்டு, வரிவரியாகப் படி, கணக்கிடு, எழுது, பூட்டைத் திற, மூடு. ஏழு படிகள். சோதித்துப் பார்க்கும்போது ஏழும் ஒழுங்காக நிறைவேறுகின்றன. மனநிறைவோடு நிரலைப் பயன்பாட்டுக்கு விடுகின்றார். ஒருநாள் கோப்பின் நடுவே ஒரு வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கின்றது. நான்காம் படியாகிய கணக்கிடல் தடுமாறுகின்றது. நிரல் அங்கிருந்து தாவி, 'பிழை நேர்ந்தது' என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு, அடுத்த வேலையை எதிர்நோக்கி நிற்கின்றது. ஆறாம் ஏழாம் படிகளுக்கு அது வரவேயில்லை.

ஈண்டு நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நிரல் இறந்திருந்தால் முறைமை பூட்டை அவிழ்த்திருக்கும். ஆனால் அது இறக்கவில்லை. பிழையைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கின்றது. ஆதலின் முறைமையின் கண்ணுக்கு, பூட்டியவர் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதாகவே தோன்றும். முற்றாக விழுந்துவிடும் நிரலைவிட, அரைகுறையாகத் தப்பிப் பிழைத்த நிரலே இவ்விடயத்தில் அதிகத் தீங்கு செய்கின்றது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நம்மவர் கூறும் கைமருந்தின் இரகசியமும் இதுவே. அணைக்கும்போது பூட்டு வைத்திருந்த நிரல் அழிகின்றது. அதனோடு முதல்வகைப் பூட்டும் அழிகின்றது. அடையாளக் கோப்புக்கு மட்டும் இம்மருந்து பலிப்பதில்லை.

கொழும்பில் விளைந்த ஒரு பாடம்

இதனைத் தெளிவாக உணர்த்தவல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. சஞ்சீவ வீரவரண முதலியோரால் 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, கொழும்பிலே பெரும் பணிமனை கொண்டு இயங்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், பல்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள்களைப் படைத்து உலகெங்கும் வழங்கி வருகின்றது. அதன் இணைப்பு மென்பொருளுக்கு அடித்தளமாக அமைந்தது அப்பாச்சி சினாப்ஸ் என்னும் திறந்தமூல ஆக்கம். இலங்கை இளைஞர் பலர் உழைத்து வளர்த்தது அது.

இம்மென்பொருளின் ஒரு பகுதி செய்யும் வேலை இது. குறித்த கோப்புறையொன்றை அது இடையிடையே எட்டிப் பார்க்கும். புதிய கோப்பு வந்திருப்பின் அதன் அருகே பூட்டுக்கோப்பு ஒன்றை இடும். பிறகு கோப்பைப் படித்துச் செயற்படுத்தும். செயல் வெற்றி பெற்றால் கோப்பை ஒரு கோப்புறைக்கும், தோல்வியுற்றால் வேறொரு கோப்புறைக்கும் மாற்றும்படி நாம் அதனைப் பணிக்கலாம். அதன்பின் பூட்டை நீக்கும். ஒரே கோப்புறையை இரண்டு கணினிகள் பார்த்திருந்தாலும் ஒரு கோப்பு ஒரு தடவையே செயற்படுவதற்கு இப்பூட்டே காவல்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வேலை நடந்து முடிந்தது, கோப்பை மாற்றிவைக்க முயல்கையில் அந்தக் கோப்புறை இல்லை, அல்லது எழுத அனுமதி இல்லை, மாற்றல் தவறிவிட்டது. இப்போது பூட்டைத் திறக்கலாமா? திறந்தால் என்னவாகும்? கோப்பு பழைய இடத்திலேயே இருக்கின்றது. அடுத்த சுற்றிலே எட்டிப் பார்க்கும் மென்பொருள் அதனைப் புதுவரவு என்றெண்ணி மீண்டும் செயற்படுத்தும். அது சம்பளக் கோப்பாயின் ஒருவருக்கு இரண்டு தடவை சம்பளம். கடன் கழிக்கும் கோப்பாயின் ஏழையிடம் இரண்டு தடவை கழிவு. ஆதலின் சினாப்ஸை ஆக்கியோர், இந்நிலையில் கோப்பு பூட்டிய நிலையிலேயே இருக்கும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் பூட்டைத் திறவாமல் விடும்படி நிரலை அமைத்தனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குற்றமாகத் தோன்றும். உண்மையில் இது, ஐயத்துக்கிடமான பொருளை எவரும் தொடாதிருக்கும்படி ஒதுக்கிவைத்த எச்சரிக்கையே. எஞ்சி நிற்கும் பூட்டுகள் யாவும் மறதியின் விளைவல்ல. சில, மனிதர் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று காத்திருப்பவை.

ஆனால் வேறொரு நிலையும் உண்டு. பூட்டை இட்ட கணினியே வேலையின் நடுவில் அணைந்துவிட்டால் பூட்டுக்கோப்பு அநாதையாக நிற்கும். அதற்காகப் பின்னர் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பூட்டுக்கோப்பினுள்ளே வெறுமையாக அன்றி, பூட்டிய கணினியின் பெயர், அதன் வலையமைப்பு முகவரி, பூட்டிய நேரம் ஆகியன எழுதப்படுகின்றன. குறித்த கால எல்லையை நாம் அமைத்துக் கொடுத்தால், அவ்வெல்லையைத் தாண்டிய பூட்டை மென்பொருள் தானே நீக்கிவிடும். தன் கணினி இட்ட பூட்டை மட்டுமே நீக்க வேண்டும் என்றும் கட்டளையிடலாம். பிறர் பூட்டில் கைவையாத நல்லொழுக்கம் அது.

செவ்வாயிலே ஒரு பூட்டு

பூட்டினால் வரும் இடர் பூமியோடு நின்றுவிடவில்லை. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் பாத்பைண்டர் விண்கலம் செவ்வாய்க் கிரகத்திலே இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் அணைத்து இயக்கத் தொடங்கிற்று. காரணம் யாதெனின், வானிலைத் தகவல் திரட்டும் ஒரு சிறிய வேலை, பொதுவான தகவற் பாதையைப் பூட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியமான வேலையொன்று அப்பூட்டுக்காகக் காத்திருக்கும். அவ்வேளையில் நடுத்தர முதன்மையுடைய வேறொரு வேலை குறுக்கே புகுந்து கணினியைப் பிடித்துக்கொண்டால், சிறிய வேலைக்குத் தன் பணியை முடித்துப் பூட்டைத் திறக்க வாய்ப்புக் கிட்டாது. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியாமையைக் கண்ட காவல்நிரல், ஏதோ கேடு நேர்ந்ததென்று கருதிக் கணினியை மறுபடி இயக்கும்.

பூமியில் இருந்த பொறியியலாளர், கலத்தின் மாதிரிக் கணினியில் இதே நிலையை வரவழைத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தனர். பூட்டை வைத்திருப்பவர், தமக்காகக் காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாகப் பெற்று விரைவில் வேலையை முடிக்கும்படி செய்யும் வசதி அந்த மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான கிலோமீற்றர் தொலைவுக்குக் கட்டளை அனுப்பி அதனை இயக்கினர். கலம் நலம் பெற்றது. பூட்டியவர் இங்கே தவறு செய்யவில்லை; திறக்க விடப்படவில்லை. இரண்டின் விளைவும் ஒன்றே.

மருந்துகள் எவை?

அறிஞர் கண்ட மருந்துகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பூட்டும்போதே திறத்தலை உறுதி செய்தல். ஜாவா முதலிய மொழிகளில், நேர்வழியிற் சென்றாலும் பிழைவழியிற் சென்றாலும் தவறாது நிறைவேற வேண்டிய கட்டளைகளை 'பைனலி' என்னும் பகுதியிலே எழுதலாம். உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் பைதன் மொழியிலே 'வித்' என்னும் சொல்லோடு கோப்பைத் திறந்தால், அப்பகுதியை விட்டு எவ்வகையில் வெளியேறினும் கோப்பு தானாகவே மூடப்படும். பூட்டும் வரியை எழுதிய கையோடு திறக்கும் வரியையும் எழுதிவிடுவதே நற்பழக்கம். இடையிலுள்ளதைப் பிறகு நிரப்பலாம்.

இரண்டாவது, தவணை. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர் காலம் குறிப்பது போலப் பூட்டுக்கும் காலம் குறித்தல். 1989ஆம் ஆண்டிலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி கிறே, டேவிட் செரிட்டன் என்னும் இருவர் இம்முறையை விளக்கி ஆய்வுரை எழுதினர். வேலை நீடித்தால் தவணையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இறந்தவர் புதுப்பிக்க மாட்டார். எனவே அவருடைய பூட்டு தானே காலாவதியாகும்.

மூன்றாவது, வரிசை எண். தவணையிலும் ஓர் ஆபத்து உண்டு. மருத்துவமனைக்குப் போனவர் இறக்கவில்லை. சற்று நேரம் மயங்கியே இருந்தார். அவருடைய முறை முடிந்ததென்று மடை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. மயக்கம் தெளிந்தவர் தம் முறை இன்னும் இருப்பதாக நினைத்து வந்து மடையைத் திருப்புகின்றார். கணினியிலும் இவ்வாறு நேரும். நின்று நின்று இயங்கும் நிரலொன்று பழைய நினைவோடு திரும்பி வந்து எழுதிவிடும். இதனைத் தடுக்க, ஒவ்வொரு பூட்டுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் கொடுத்து, பெரிய எண்ணைக் கண்ட பின் சிறிய எண்ணோடு வருபவரை ஏற்காமல் விடுவர்.

நான்காவது, பாதியில் நின்ற வேலைக்கு வழி செய்தல். பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது அரைகுறையாக எழுதப்பட்ட கணக்காயின் அடுத்தவர் அதனை நம்பிக் கெடுவார். ஆதலின் வேலை முழுவதும் நடக்க வேண்டும். அன்றேல் தொடங்காத பழைய நிலைக்கே மீள வேண்டும். தரவுத்தளங்கள் இக்கொள்கையையே அடிப்படையாகக் கொண்டவை. அதனோடு, பிழைக்குக் காரணமான கோப்பைத் தனியிடத்துக்கு ஒதுக்குதலும் வேண்டும். இல்லாவிடின் மென்பொருள் அதே கோப்பை எடுத்து, அதே இடத்தில் இடறி, மறுபடியும் எடுத்து, முடிவில்லாமற் சுழன்றுகொண்டிருக்கும்.

வீட்டிலும் காரியாலயத்திலும்

நிரல் எழுதாதவரும் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. பூட்டுப்பட்ட கோப்பொன்றைக் கண்டவுடன் அவசரப்பட்டுப் பூட்டுக்கோப்பை அழித்துவிடலாகாது. உள்ளே ஒருவர் உண்மையாகவே எழுதிக்கொண்டிருக்கலாம். பூட்டில் யாருடைய பெயர் காணப்படுகின்றதோ அவரிடம் முதலிற் கேட்க வேண்டும். அடுத்த அறைக்கு நடந்து சென்று, "கோப்பு உங்களிட்டத் திறந்திருக்கா?" என்று கேட்பதைவிடச் சிறந்த கருவி எதுவும் இல்லை.

எவரும் திறந்திருக்கவில்லை என்று உறுதியானால், பூட்டிய நிரல் திரைக்குப் பின்னே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் டாஸ்க் மனேஜர் இதனைக் காட்டும். ரிசோர்ஸ் மொனிற்றர் என்னும் கருவியிலே கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால், எந்த நிரல் அதனைப் பிடித்திருக்கின்றது என்பதும் புலப்படும். அந்நிரலை முறையாக மூடிப் பார்த்தபின்னும் திறவாவிடின் கணினியை மறுபடி இயக்கலாம். அதன்பின்னும் அடையாளக் கோப்பு எஞ்சியிருந்தால், முதலில் உண்மைக் கோப்பைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, பிறகே அந்த அடையாளத்தை நீக்க வேண்டும்.

கோப்பு திறந்ததும் மகிழ்ந்து, விட்ட வேலையை உடனே மறுபடி ஓட்டிவிடுதலும் தவறு. எதுவரை நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்த பின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். பிழைச் செய்தியையும் அது தோன்றிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, மென்பொருளைப் பராமரிப்பவரிடம் கொடுத்தல் மிக நன்று. "நேற்றும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான்" என்னும் முறைப்பாட்டைக் காட்டிலும், "காலை 9.40க்கு இந்தச் செய்தி வந்தது" என்னும் ஒருவரி அவருக்குப் பெரும் உதவியாகும்.

அமானிதம் என்னும் சொல்

நம் பகுதி முஸ்லிம் மக்களின் நாவிலே நாளும் பயிலும் சொல் ஒன்று உண்டு: அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, கேட்கும் வேளையில் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தல். அமானிதப் பொருளை வைத்திருப்பவர், 'எனக்கு இடையிலே கஷ்டம் வந்துவிட்டது' என்று சொல்லிக் கையை விரித்துவிட முடியாது. கஷ்டம் வரும் என்று அறிந்தே, தாம் இல்லாவிடினும் பொருள் உரியவரைச் சேரும்படி எழுதி வைப்பவரே பொறுப்புடையவர்.

ஒரு மென்பொருள் கோப்பைப் பூட்டும்போது ஏற்பதும் இத்தகைய அமானிதமே. கோப்பு அதற்குச் சொந்தமன்று; சிறிது நேரத்துக்குக் கையளிக்கப்பட்டது. வெற்றி பெற்ற நாளில் எவரும் திருப்பிக் கொடுப்பர். தோல்வியுற்ற நாளில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றதா என்பதே ஒரு மென்பொருளின் தரத்துக்கு உரைகல்.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலும், இப்பகுதிப் பாடசாலைகளிலும் இன்று நம் பிள்ளைகள் பலர் கணினி பயில்கின்றனர். நாளை காரியாலயங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிரல் எழுதப் போகின்றவர்கள் அவர்களே. நிரல் சரியாக ஓடுவதைக் காட்டிப் புள்ளி பெறுவதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. கோப்பின் நடுவே வேண்டுமென்றே ஒரு பிழையை இட்டுப் பார்க்கட்டும்; வேலையின் நடுவிலே நிரலைக் கொன்று பார்க்கட்டும்; அதன்பின்னும் பூட்டு திறந்திருக்கின்றதா என்று சோதிக்கட்டும். அந்த ஒரு சோதனையைச் செய்து முடித்த மாணவர் எழுதும் நிரலிலே, கருமபீடத்துக்கு வரும் தாய் அன்றே தம் கடதாசியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார்.